ஒன்றரை வருட ராஸ்பெர்ரி: டப்பா, பாக்கெட், பொடி, மாத்திரை

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஒன்றரை வருடமாக ராஸ்பெர்ரி இல்லாத நாள் கிடையாது. ருசிக்காக வாங்க ஆரம்பித்ததில்லை. இரண்டு பேருக்கு இரண்டு பிரச்சினை. எனக்கு எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை, 6.1 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறீர்கள்" என்றார் டாக்டர். அம்மாவுக்கு 74 வயது. பல வருட மலச்சிக்கல், மேல் வரிசை முழுக்கப் பல் செட். என்னிடம் என் டாக்டர் சொன்னதும் அம்மாவிடம் அவருடைய டாக்டர் சொன்னதும் ஒன்றுதான்: நார்ச்சத்தைக் கூட்டுங்கள்.

நார்ச்சத்து என்று தேடினால் பழங்களில் ராஸ்பெர்ரிக்குப் பக்கத்தில் வரக்கூடியவை ரொம்பக் குறைவு. 100 கிராமில் 6.5 கிராம் இருக்கிறது. அதே எடை வாழைப்பழத்தில் 2.6, தோலோடு சாப்பிடும் ஆப்பிளில் 2.4. சர்க்கரையோ 100 கிராமுக்கு நாலரை கிராம்தான். வாழைப்பழத்தில் 12. மொத்தக் கலோரி 52. பெரியவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சாப்பிட வேண்டும் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு கப் ராஸ்பெர்ரி, அதாவது 120 கிராம் போல, அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் வாங்கியது டப்பாவில் வரும் புதுப் பழம். அழகில் இதை அடித்துக்கொள்ள வேறு பழம் இல்லை. மேலே மெல்லிய பூனை முடி, உள்ளே குழி. பறிக்கும்போது நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடுவதால்தான் அந்தக் குழி. பிளாக்பெர்ரியில் தண்டு பழத்தோடு வந்துவிடும், அதனால் குழி இருக்காது. இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது. என் நாலு வயது மகள் பத்து விரலிலும் பத்துப் பழத்தை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்து எடுப்பாள். காய்கறியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் குழந்தை, இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். அந்த ஒன்றுக்காகவே புதுப் பழத்தை எப்போதாவது வாங்குகிறேன்.

தினசரிக்கு அது சரிப்படவில்லை. வாங்கின மறுநாளே டப்பாவின் மூலையில் ஒரு பழத்தில் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி பூசணம். மூன்றாம் நாள் அதைச் சுற்றி நான்கு பழங்கள். பாட்ரைடிஸ் என்கிற இந்தப் பூஞ்சைக்கு ராஸ்பெர்ரி மேல் தனிப் பிரியம். தோல் மெல்லியது, ஈரம் அதிகம், நடுவே குழி வேறு. பறித்த பிறகும் வேகமாகச் சுவாசித்துக்கொண்டே இருக்கும் பழம் இது, அதனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். நல்ல குளிரில் வைத்தாலும் சில நாட்கள்தான் தாங்கும். ஒரு முறை ஒரு கடையில் மேல் வரிசை பளபளவென்று இருந்ததை நம்பி இரண்டு டப்பா எடுத்தேன். வீட்டில் திறந்தால் கீழ் வரிசை முழுக்கக் கூழ். அதற்கப்புறம் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை. அடியில் இருக்கும் உறிஞ்சு காகிதத்தில் சிவப்புக் கறை பரவியிருந்தால் அந்த டப்பாவைத் தொட வேண்டாம். வெளிறிய பழத்தை "ரெண்டு நாள் வெச்சா பழுத்துடும்" என்று எடுத்து வருவதும் வீண். செடியில் பழுத்ததுதான் பழுத்தது. பறித்த பிறகு இதில் இனிப்பு ஏறாது.

கழுவுவதும் சாப்பிடப் போகும் நேரத்தில்தான். வந்தவுடன் கழுவி வைத்தால் அந்தக் குழிக்குள் தண்ணீர் தங்கி, பூசணத்துக்கு நாமே விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் உறைய வைத்த பாக்கெட்டுக்கு மாறினேன். இந்த விமர்சனம் எழுதுவதே அதற்காகத்தான். பழுத்த பருவத்தில் பறித்து, ஒவ்வொரு பழமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக வேகமாக உறைய வைக்கப்பட்டது. உறைய வைப்பதால் நார்ச்சத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. சிவப்பு நிறத்தைத் தருகிற ஆந்தோசயனின்களும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. வைட்டமின் சி மாதக் கணக்கில் மெதுவாகக் குறையும், ஆனால் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போகும் பழத்தில் அது எவ்வளவு இருந்து என்ன பயன்? விலையும் புதுப் பழத்தைவிட நிறையவே குறைவு.

பாக்கெட்டை வாங்கும்போது கையில் எடுத்து லேசாகக் குலுக்கிப் பாருங்கள். கூழாங்கல் மாதிரி உள்ளே உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் எங்கேயோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். முழுப் பழம், உடைந்த பழம் என்று இரண்டு வகை வரும். அரைக்கவும் வேகவைக்கவும் உடைந்ததே போதும், சத்தில் வித்தியாசம் இல்லை. உறைந்தது உருகினால் புதுப் பழம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே உருவாகும் பனித்துகள்கள் செல் சுவரைக் கிழித்துவிடுவதால் சாறு விட்டுக் குழைந்துவிடும். நான் உருக விடுவதே இல்லை, கொதிக்கும் ஓட்ஸில் நேராகப் போட்டுவிடுகிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். ராஸ்பெர்ரியைக் கையால் பறிக்கிறார்கள், தேய்த்துக் கழுவ முடியாது, உறைய வைப்பதும் வைரஸைக் கொல்லாது. ஐரோப்பாவில் உறைந்த ராஸ்பெர்ரியால் நோரோ வைரஸ் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கில் படுத்தவர்கள் பலர். அதனால் டென்மார்க், பின்லாந்து நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைகள் இறக்குமதியான உறைந்த பெர்ரிகளைச் சூடாக்கியே சாப்பிடச் சொல்கின்றன. புதுப் பழமும் விதிவிலக்கில்லை. 1996இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சைக்ளோஸ்போரா என்கிற ஒட்டுண்ணி பரவியபோது அதன் மூலம் குவாத்தமாலாவிலிருந்து வந்த ராஸ்பெர்ரி என்று கண்டுபிடித்தார்கள். பயந்து பழத்தையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் உறைந்த பழத்தைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். நாங்கள் இரண்டு நிமிடம் கொதிக்க விடுகிறோம். வைட்டமின் சி கொஞ்சம் போகும், நார்ச்சத்து எங்கேயும் போகாது. எங்களுக்கு வேண்டியது அதுதானே.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். முதல் நாள் அவருக்கு ஒரு கிண்ணம் புதுப் பழம் கொடுத்தேன். பாதியில் எழுந்துபோய் வாஷ்பேசின் முன்னால் நின்றார். பல் செட்டைக் கழற்றிக் குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா விதை அடியில போய் உக்காந்துக்குது. குத்துது" என்றார். அவர் குறை சொல்லும் ஆள் இல்லை. குத்துது என்று சொல்கிறார் என்றால் நிஜமாகவே வலித்திருக்கிறது.

சரி, விதையை எடுத்துவிடலாம் என்று அன்று மாலை 200 கிராம் பழத்தை வேகவைத்து, கம்பி வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடித்தேன். கீழே அருமையான சிவப்புக் கூழ், பட்டுப்போல. வடிகட்டியில் மணல் மாதிரி மஞ்சள் விதைகள், அவற்றைச் சுற்றி ஒட்டின நார். அதை வழித்துத் தராசில் வைத்தேன்: 31 கிராம். அப்போதுதான் உறைத்தது. ராஸ்பெர்ரி என்பது ஒரே பழம் இல்லை. கிட்டத்தட்ட நூறு குட்டிப் பழங்கள் ஒரு தண்டைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம். தாவரவியல்படி இது பெர்ரியே இல்லை, ரோஜாக் குடும்பத்துக் கூட்டுக்கனி. ஒவ்வொரு குட்டிப் பழத்துக்கும் ஒரு விதை. இதன் நார்ச்சத்து இத்தனை அதிகமாக இருப்பதற்கு அந்த நூறு விதைகள் முக்கியக் காரணம். எதற்காகப் பழத்தை வாங்கினேனோ அதைத்தான் வடிகட்டியில் நிறுத்திக் குப்பையில் போடப் போனேன். கடையில் விற்கும் வடித்த ஜூஸுக்கும் இதே கதிதான். நிறம் இருக்கும், மணம் இருக்கும், பழத்தின் பாதி மதிப்பு இருக்காது.

அம்மாவுக்குத் தீர்வாக வந்தது பொடி. உறைய வைத்த பழத்தை வெற்றிடத்தில் வைத்து, பனியை நேராக ஆவியாக்கி உலர்த்துகிறார்கள். சூடு அதிகம் படாததால் நிறமும் புளிப்பும் அப்படியே இருக்கின்றன. பழத்தில் 86 சதவீதம் தண்ணீர் என்பதால் 100 கிராம் பழம் 15 கிராம் பொடி போல ஆகும். இரண்டு பெரிய கரண்டி. விதையும் சேர்த்து மாவாக அரைபட்டிருந்தால் பல் செட்டுக்கு அடியில் போய் உட்கார எதுவும் இல்லை.

'அரைபட்டிருந்தால்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. முதலில் வாங்கிய பொடி மாவு மாதிரி மிருதுவாக இருந்தது. மூன்று வாரம் கொடுத்தும் அம்மாவுக்கு ஒரு மாற்றமும் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் 'விதை நீக்கியது' என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். கூடவே மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுப்பொருளும் கலந்திருந்தது. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றக்கூடியது அது. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'முழுப் பழத்தின் நன்மை' என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்தான். 100 கிராம் பொடியில் நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். பழத்தின் கணக்கை வைத்துப் பார்த்தால் 40 கிராம் பக்கம் வர வேண்டும். என்னுடைய முதல் பாக்கெட்டில் 17 என்று போட்டிருந்தது. சேர்மானப் பட்டியலில் ராஸ்பெர்ரியைத் தவிர வேறு பெயரே இருக்கக் கூடாது. பொடி காற்றிலிருக்கும் ஈரத்தை உடனே இழுத்துக் கட்டி கட்டியாகிவிடும், அதனால் ஈரக் கரண்டியை உள்ளே விடாமல் இறுக்கி மூடி வையுங்கள்.

விதையோடு அரைத்த பொடியை, கொதித்து இறக்கிய ஓட்ஸில் காலை ஒரு கரண்டி என்று தொடங்கி, பத்து நாளில் இரண்டாக்கினோம். மெதுவாக ஏற்றியதற்குக் காரணம் என் அனுபவம். நான் முதல் வாரமே ஆசையில் தினம் 250 கிராம் சாப்பிட்டு, வயிறு உப்பி, இரவில் தூங்க முடியாமல் புரண்டேன். குடலுக்குப் பழகக் கொஞ்ச நாள் வேண்டும். தண்ணீரும் கூடவே அதிகம் குடிக்க வேண்டும், இல்லையென்றால் நார்ச்சத்தே அடைப்பாக மாறும். அம்மாவுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து மாற்றம் தெரிந்தது. தினமும் இரவு போட்டுக்கொண்டிருந்த மலமிளக்கி மாத்திரையை டாக்டரைக் கேட்டுவிட்டு வாரத்துக்கு இரண்டாகக் குறைத்தோம். காலையில் முக்கால் மணி நேரம் கழிப்பறையில் உட்கார்ந்து கால் மரத்துப்போய் வெளியே வரும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் சர்க்கரை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்வேன். 2019இல் சிகாகோவில் உள்ள இல்லினாய்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் 32 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாவுச்சத்து மிகுந்த காலை உணவோடு ஒரு நாள் ராஸ்பெர்ரி இல்லாமல், ஒரு நாள் 125 கிராம், ஒரு நாள் 250 கிராம். சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களுக்கு, 250 கிராம் சேர்த்த நாளில் சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் குறைவாக ஏறின. சின்னச் சோதனைதான். நானும் வீட்டு மீட்டரில் பார்த்தேன். ஒரே அளவு ஓட்ஸ், இரண்டு மணி நேரம் கழித்து: பழம் இல்லாத நாட்களில் 150க்கு மேலே, ஒரு கப் பழம் சேர்த்த நாட்களில் 130களில். ஒரு வருடத்தில் எச்பிஏ1சி 5.8க்கு வந்தது. ஆனால் அதே வருடம் தினம் 40 நிமிடம் நடக்கவும் ஆரம்பித்தேன், இரவு உணவையும் குறைத்தேன். அதனால் பழம்தான் இறக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். இனிப்பு வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும் நேரத்தில் பயமில்லாமல் கையில் எடுக்க ஒரு பழம் கிடைத்தது. அது மட்டும் நிச்சயம்.

மற்ற சத்துகளையும் சொல்லிவிடுகிறேன். 100 கிராமில் வைட்டமின் சி 26 மில்லிகிராம், ஆரஞ்சில் இருப்பதில் பாதி. மாங்கனீஸ் ஒரு நாள் தேவையில் கால் பங்குக்கு மேல். எலாஜிடானின் என்கிற பொருள் இதில் நிறைய உண்டு. அதைக் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் யூரோலித்தின்கள் என்கிற வேறு பொருள்களாக மாற்றுகின்றன. ஒவ்வொருவர் குடலும் ஒவ்வொரு அளவில் மாற்றுகிறது, சிலர் குடலில் இது நடப்பதே இல்லை. இதை வைத்துப் புற்றுநோயைத் தடுக்கும், மூளையைக் காக்கும் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. சோதனைக் குழாயில் செல் மீது ஊற்றிப் பார்ப்பதும் ஒரு மனிதர் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடுவதும் ஒன்றாகாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள், கல் உருவாகக் காரணமாகக்கூடிய ஆக்ஸலேட் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். இதில் அது உண்டு.

ராஸ்பெர்ரி கீட்டோன் மாத்திரையை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். எடை குறையும் என்ற விளம்பரத்தைப் பார்த்து நான் ஒரு டப்பா வாங்கித் தீர்த்தேன். எடை அசையவில்லை. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். பழத்துக்கு அந்த மணத்தைத் தரும் பொருள்தான் கீட்டோன், ஒரு கிலோ பழத்தில் 1 முதல் 4 மில்லிகிராம்தான் இருக்கும். என் மாத்திரையில் 500 மில்லிகிராம். அவ்வளவையும் பழத்திலிருந்து எடுக்க 125 கிலோவாவது வேண்டும். எடுப்பதில்லை, ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். மனிதர்களுக்கு அதைத் தனியாகக் கொடுத்து எடை குறைந்ததாக நம்பும்படியான ஆதாரம் இல்லை. நார்ச்சத்தும் அதில் துளி கிடையாது. பழத்தின் படத்தைப் போட்டு, பழத்தில் நல்லது எதுவோ அதை விட்டுவிட்டு விற்கிறார்கள்.

இலைத் தேநீர் ஒரு பாக்கெட் வாங்கினோம். சுமாரான துவர்ப்பு, வெறும் தேயிலை மாதிரி. மாதவிடாயின் லேசான வலிக்கும் தொண்டை, வாயின் லேசான அழற்சிக்கும் பாரம்பரியமாகப் பயன்படுவதாக ஐரோப்பிய மருந்து முகமை பதிவு செய்திருக்கிறது. பிரசவம் எளிதாகும் என்று பலர் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். விதை எண்ணெயை வெயிலுக்கான கிரீமுக்குப் பதிலாகப் பூசலாம் என்பதையும் நம்ப வேண்டாம்.

சமையலறையில் இது என்னவெல்லாம் செய்கிறது என்று சொல்லாவிட்டால் மனசு கேட்காது. ஒரு கப் உறைந்த பழம், இரண்டு கரண்டி தண்ணீர், மிதமான தீயில் ஆறு நிமிடம். அது தானாகவே உடைந்து சாஸாகிவிடும். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கரண்டி சியா விதையைக் கலந்து வைத்தால் காலையில் சர்க்கரையே சேர்க்காத ஜாம். சாதாரண ஜாமுக்குப் பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை போடுவார்கள். இதில் வேண்டவே வேண்டாம். ரொட்டியில் தடவலாம், தயிரில் கலக்கலாம், ஐந்து நாட்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும். இன்னொன்று வினிகர். ஒரு பங்கு நசுக்கிய பழத்துக்கு இரண்டு பங்கு வெள்ளை வினிகர் ஊற்றி, ஃப்ரிட்ஜில் மூன்று நாள் மூடிவைத்து வடித்தால் மாணிக்க நிறத்தில் வரும். சாலட்டில் ஒரு கரண்டி போதும், உப்பின் தேவை பாதியாகக் குறைகிறது. ஓட்ஸ் மாவில் சமையல் சோடா போட்டு ஒரு கேக் செய்தபோது பழத்தைச் சுற்றி நீலப்பச்சை வளையம் வந்தது. மகள் பூசணம் என்று நினைத்துத் தள்ளிவிட்டாள். ஆந்தோசயனின் புளிப்பில் சிவப்பாகவும் சோடாவின் காரத்தன்மையில் நீலமாகவும் மாறும், கெடுதல் ஒன்றும் இல்லை. இப்போது சோடாவைக் குறைத்து மாவைத் தயிரில் கரைக்கிறேன், சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது.

மிஞ்சிய புதுப் பழத்தைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் பைக்கு மாற்றிவிடுங்கள். டப்பாவோடு உள்ளே வைத்தால் மறுநாள் சுத்தியல்தான் தேவைப்படும்.

என் மதிப்பெண்: உறைந்த பாக்கெட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. விதையோடு அரைத்த பொடிக்கு நாலரை, ஈரம் இழுப்பதற்காக அரை குறைவு. புதுப் பழத்துக்கு மூன்று, மகளின் விரல்களுக்காக இன்னும் அரை. மாத்திரைக்குப் பூஜ்யம்.

நேற்றுக் காலை ஓட்ஸைக் கிண்டிக்கொண்டே அம்மா பொடி டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். "இன்னும் நாலு நாளைக்குத்தான் வரும்டா." இரவே ஆர்டர் போட்டுவிட்டேன், பின்பக்க எழுத்தைப் பெரிதாக்கிப் படித்த பிறகு.